அறுபத்திரண்டு மாத நிலுவை

…ரெஸ்ட் எடுக்க வேண்டுமாம், ரெஸ்ட், ஐந்து வருஷமாக வராத சொல் இப்போது அண்ணன் மகன் பாலனின் வாயில் தேனாக வடிகிறது, "மாமி, நீங்க எவ்வளவோ செஞ்சிட்டீங்க, இனி அப்பாவ நாங்க கிளாங்குக்குக் கொண்டு போறோம், ஈவினிங் காடி எடுத்துட்டு வரேன்," ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன. மினி பஸ் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் மூன்று முறை குலுங்கி நின்றுவிட்டது, நடத்துநர் உள்ளே போ உள்ளே போ என்று கத்துகிறான், இன்னும் எங்கே உள்ளே போவது, இவன் மடியிலா? குணபூசணி கைப்பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பைக்குள் காசோலை. ஐயாயிரத்து ஐந்நூற்று எண்பது வெள்ளி. படுத்த படுக்கையாகிவிட்ட தொழிலாளியைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அதற்கென்று கவர்ன்மெண்டில் மாதம் தொண்ணூறு வெள்ளி உண்டாம், அது அறுபத்திரண்டு மாதத்துக்கும் சேர்த்து மொத்தமாக இன்றைக்குக் கைக்கு வந்திருக்கிறது, இனி மாதாமாதமும் வரும். கூடவே இருந்தவள் இவள். காசோலையில் இருப்பது அண்ணன் சண்முகரத்தினத்தின் பெயர். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போன மனிதருக்கு, சம்பளம் வாங்காத தங்கை வாரிக் கொட்டியதற்கு, அவர் பெயரில் கூலி… நன்றாக இருக்கிறது நியாயம்.

பாலனுக்கு யார் சொன்னது? யார் தலையிலும் பழி போட வழியில்லை, பணம் தருகிறோம் என்று கடிதம் வந்த அன்றே இவளேதான் பக்கத்து வீட்டு மார்க்கிரட்டின் போனில் கூப்பிட்டுச் சொன்னாள், பெருமை, குடும்பத்தோடு பிறந்த பாழாய்ப்போன பெருமை, கவர்ன்மெண்டே என்னை மதிச்சிட்டான் பாத்தியா என்று. நாலு நாள் கழித்து அவனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. தாய் செத்தபோது அவனுக்குப் பத்து வயது, தலை வாரி, சட்டை தேய்த்து, ஸ்கூலுக்கு அனுப்பியவள் இவள், அந்தப் பாசம் இந்த ஐந்து வருஷமும் எங்கே போயிருந்தது, கிளாங் ஆற்றிலா? தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பிஸ்கட் டின், வாசற்படியில் நின்றே, "அப்பாவுக்கு எப்படி மாமி?" உள்ளே வந்தால் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்ற முகம். இப்போது அப்பாவைக் கொண்டுபோனால் மாதாந்தத் தொண்ணூறும் போகும், இந்த மொத்தமும் போகும், அண்ணன் பெயரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வீடும் வாடகைக்குப் போகும், ஐம்பத்து நான்கு வயதில் இவள்? அவன் வீட்டுப் பின்னறையில் அவன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டு ரெஸ்ட் எடுக்கலாம். கூடாது. விடக்கூடாது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் மறுபடி ஒப்பித்தாள்… நான்தான் பார்த்தேன், நான்தான் பார்ப்பேன், அண்ணன் எங்கேயும் வரமாட்டார். அவரைக் கேட்டீர்களா என்று அவன் கேட்டால்? அவர் எங்கே பேசுவார். இவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் ஜாதகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியபோது மட்டும் வாய் நன்றாகத்தான் பேசியது.

இன்றைக்குக் காசோலை வாங்கப் போன ஆபீஸில் அந்தோனிப்பிள்ளை என்ற கிளார்க் பைலைப் புரட்டி வாசித்துக் காட்டினான், சிரித்துக்கொண்டு வேறு, "ஆன்டி, முதல் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா, நாற்காலியில உக்காந்திருக்கார், சுத்தமா இருக்கார், ஆள் தேவையில்லைன்னு." தெரியாமலா? ஐந்து வருஷத்துக்கு முன் அதிகாரி வருகிறான் என்றதும் விடியற்காலையில் எழுந்து வீட்டைக் கழுவியவள் யார், சண்முகரத்தினத்துக்குச் சவரம் செய்து, கழுத்தில் பவுடர் தட்டி, நீறு பூசி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்குள் அவரைத் திணித்து, சாயாமல் இருக்க முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, அதன்மேல் வேட்டியை மடித்துப் போட்டு மறைத்து, நல்ல கோப்பையில் டீ கொடுத்தவள் யார்? நாலு பேர் கவர்ன்மெண்ட் உத்தியோகம் பார்த்த குடும்பம், பேக்டரி ஸ்டோருக்குப் போன ஒருத்தர் இப்படி நாறிக் கிடக்கிறார் என்று அந்நியன் ஒருவன் எழுதிக்கொண்டு போவதா? அவன் பாகுஸ், பாகுஸ் என்று வீட்டை மெச்சிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டான். நாலு வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது மார்க்கிரட் தலையில் அடித்துக்கொண்டாள், "அக்கா, நீ பவுடர் போட்டு உக்கார வச்சா அவன் எப்படி லா காசு குடுப்பான்? இருக்கிறபடி காட்டு, அப்பீல் போடு."

இருக்கிறபடி… பஸ் பங்சாரில் திரும்பியது, வெயில் முகத்தில் அடித்தது, இவள் நகரவில்லை. அப்பீலுக்கு வேறொருவன் வந்தான், பதினொரு மணிக்கு. இருக்கிறபடி என்றால் காலை ஏழு மணிக்குத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்திருக்க வேண்டும், தினமும் இருக்கிறபடி அதுதானே. அன்றைக்கு இவள் ஏழு மணிக்கு அறைக்குள் போகவில்லை. எட்டுக்கும் போகவில்லை. ஒன்பது மணிக்கு அண்ணன் குரல் கொடுத்தார், அந்த ஒரே குரல், ம்ம்ம் என்று, பிறகு இன்னொன்று. வந்தவன் அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, தலையசைத்து, மளமளவென்று எழுதினான். அண்ணனின் கண்ணில் தண்ணீர். இவளைப் பார்த்துத்தான். அவன் போன பிறகு எல்லாம் செய்தாள், வெந்நீரில் துடைத்தாள், மன்னிச்சுக்கோ அண்ணா, காசுக்காகத்தான் என்றுகூடச் சொன்னாள்.

காசுக்காகத்தானா?

காசோலையோடு வந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தாள், பாலனின் முகத்தில் காட்ட ஒரு வரியாவது இருக்கும் என்று. கடைசி வரியில் இருந்தது, ஆண்டுதோறும் அதிகாரி வீட்டுக்கு வந்து நோயாளியை நேரில் பார்ப்பார். மறுபடியுமா என்று எரிச்சல் வர வேண்டும். வரவில்லை. அப்பீலுக்கு ஆள் வந்த அந்தக் காலை, அண்ணனின் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே, சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, சூடாக ஒரு காப்பி குடித்தாள், ஆறுவதற்குள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக. எவ்வளவு நன்றாக இருந்தது. பாலன் ஆறு மணிக்கு வருவான், அண்ணனைக் கொண்டுபோகக் கேட்பான், நான்தான் பார்ப்பேன் என்று இவள் சொல்ல வேண்டும்… பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டது, நடத்துநர் இறங்கு இறங்கு என்று கத்துகிறான், அடுத்த வருஷம் அதிகாரி எந்த மாதம் வருவார் என்று அந்தக் கிளார்க்கைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு குணபூசணி உட்கார்ந்தே இருந்தாள்.