திங்கட்கிழமை வரை

“அத எடுத்துடு செம்மலு. இப்பவே எடு.”

கார்குழலி கொழுந்தனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தலுக்குக் கீழே, குளிர்பெட்டிக்குள் அவள் புருஷன் மதிவாணன் படுத்திருந்தார். பெட்டியின் கண்ணாடி அடிக்கடி பனித்துப்போனது. வருகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டுமே என்று ஒருவர் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செம்மல் போனை எடுத்தான். அண்ணன் படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். தெருவில் பாதிப் பேர் அதையே எடுத்துத் தாங்களும் வைத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ரெட்டியார்பாளையத்தில் ஒருவர் செத்தால் உடம்பு வீடு வந்து சேர்வதற்குள் படம் வந்துவிடுகிறது.

“ஊருக்குத் தெரிய வேணாமா அண்ணி?”

“ஊருக்குத் தெரியட்டும். அவளுக்குத் தெரியக் கூடாது. மத்தியானம் போன் குடுத்துடுவாங்க. கையில வாங்கினதும் இதத்தான் முதல்ல பாப்பா.”

செம்மல் தன்னுடையதை அழித்துவிட்டு, போனும் கையுமாக வீடு வீடாகக் கிளம்பினான். சாவுச் சேதி சொல்லப் போகிறவர்களைத் தெரு பார்த்திருக்கிறது. சொல்லாதே என்று சொல்லப் போனவன் அவன் ஒருத்தன்தான்.

கவிநிலா அவர்களுக்கு ஒரே பெண். ஒடிசாவில் கடற்படைப் பயிற்சியில் இருக்கிறாள். வாரம் முழுக்கப் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். உடனே வீடியோவில் கூப்பிடுவாள். மதிவாணனுக்குப் போனை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று கடைசிவரை பிடிபடவில்லை. திரை முழுக்க அவர் நெற்றிதான் தெரியும். “என்னா சொல்தா, கப்பல் ஏறிட்டியா?” என்று ஆரம்பிப்பார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். மதிவாணன் பரம்பரையில் அப்படி யாரும் கிடையாது. எல்லாரும் மில்லில் நூலோடு மல்லுக்கட்டியவர்கள். மில் மூடிய பிறகு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்த மனுஷன், மகளைச் சொல்தா என்று கூப்பிடும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

நாளைக்கு அவளுக்கு நீச்சல் பரீட்சை. உயரமான பலகையில் ஏறி, ஆழமான குளத்தில் குதித்து, நீந்திக் கரையேற வேண்டும். போன தடவை பலகை நுனி வரைக்கும் போய் நின்றவள், குதிக்காமல் இறங்கி வந்துவிட்டாள். நாளைக்கும் அப்படியானால் கூட இருக்கும் பெண்கள் முன்னால் போய்விடுவார்கள்; இவள் பின்னால் வருகிற அணியோடு மறுபடி தொடங்க வேண்டும்.

கார்குழலியின் பயம் அது இல்லை. பின்தங்கினால் பின்தங்கட்டும். துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையில் பிள்ளை ஏறுவாளே, அதுதான் பயம். அழுத உடம்பில் கையும் காலும் ஓய்ந்துபோகும். ஓய்ந்த கை தண்ணீருக்கு ஆகாது. நேற்று மாலை ஒருவரைக் கொடுத்தாகிவிட்டது. இன்னொருத்தியைக் கொடுக்க அவளால் முடியாது. புருஷனுக்காக அழக்கூட அந்தப் பயம் விடவில்லை.

நேற்று செம்மலின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மதிவாணன் அவள் தோளில் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. “திங்கக்கெழம முடியட்டும். பாப்பா குதிச்சிடட்டும். அதுக்கப்புறம் சொல்லு” என்றார். நெஞ்சு வலியைத்தான் சொல்லாதே என்கிறார் என்று அவள் நினைத்தாள். சரி சரி என்று தலையாட்டினாள்.

நாத்தனார் அமிர்தவல்லி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், கார்குழலி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“பெத்த பொண்ணு அப்பன் மொகத்த பாக்க வேணாமா? ஆபீஸருக்கு ஒரு வார்த்த சொன்னா அனுப்பி வச்சிட மாட்டானா? பெட்டியிலதான இருக்கான் எந்தம்பி. ரெண்டு நாள் இருப்பான்.”

“அவருதான் சொல்லக் கூடாதுன்னாரு அண்ணி.”

“அவன் சொல்லிட்டுப் பூட்டான். நாளைக்கு அவ வந்து உன் கழுத்தப் புடிச்சிக் கேப்பா. அப்ப அவனா வந்து பதில் சொல்லுவான்?”

கார்குழலிக்கு அதுவும் தெரியும். மகள் இதை மன்னிப்பாள் என்று அவள் நம்பவில்லை. மன்னிக்காமல் இருக்கவாவது அவள் உயிரோடு இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

“என்னை என்ன வேணா கேக்கட்டும் அண்ணி. நாளைக்கு அவ தண்ணியில எறங்குறா. எனக்குப் பயமா இருக்குது.”

அமிர்தவல்லி கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி. நான் வாயத் தொறக்கல. ஆனா எந்தம்பிக்கு ஒரு மொறையும் தப்பக் கூடாது. வந்து உக்காரு” என்றாள்.

எதற்கு உட்காரச் சொல்கிறாள் என்று கார்குழலிக்குத் தெரியும். உடம்பை எடுப்பதற்கு முன்னால் பெண்டாட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கை நிறைய வளையலும் தலை நிறைய பூவும் கடைசியாக ஒரு தடவை வைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் அவர்களே எடுப்பார்கள். மதிவாணனுக்கு அது அடியோடு பிடிக்காது. மூன்றாம் வீட்டுக் கமலாவின் புருஷன் போனபோது அவளுக்கும் இப்படித்தான் செய்தார்கள். கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கவிநிலா, வீட்டுக்கு ஓடி வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மதிவாணன் கதவுக்கு வெளியே நின்றே சொன்னார்: “எனக்கு ஒண்ணு ஆனா உங்கம்மாவ இப்படி உக்கார வைக்க விடாத. நீதான் தடுக்கணும் சொல்தா.”

தடுக்க வேண்டியவள் இங்கே இல்லை. அவளுக்குத் தெரியாமல் இருப்பதற்காகக் கார்குழலி போய் உட்கார்ந்தாள்.

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். மஞ்சளை இழைத்து முகத்திலும் கழுத்திலும் கையிலும் பூசினார்கள். மஞ்சள் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. கல்யாணத்தன்று பூசியதில் தடித்துப்போய், மாப்பிள்ளை வீட்டார் அம்மையோ என்று பயந்தார்கள். அதற்குப் பிறகு அவள் மஞ்சளைத் தொட்டதில்லை. இப்போது கன்னம் எரிந்தது. பச்சை வளையல்கள் முழங்கை வரை ஏறின. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். மல்லிகையும் கனகாம்பரமுமாக அவள் தலை தாங்காத பூ. யாரோ ஒப்பாரியை எடுத்தார்கள். வாசலில் மேளக்காரர் கன்னியப்பன் அடிக்கத் தொடங்கினார்.

அவள் புடவை மடிப்பில் செருகியிருந்த மதிவாணனின் போனை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மகள் கூப்பிடுவது எப்போதும் அந்த எண்ணுக்குத்தான்.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. வீடியோவில் கூப்பிடுவாள். இந்தக் கோலத்தைப் பார்ப்பாள்.

எழுந்தாள். பெண்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் பந்தலை விட்டு வெளியே வந்துவிட்டாள். கன்னியப்பனிடம் போய், “கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணே. எம்பொண்ணு பேசுவா” என்றாள். அவர் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. செம்மல் உள்ளே போய் ஒப்பாரியை நிறுத்தினான். பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். வண்டியில் வந்த ஒருவர் ஹாரன் அடிக்கப் போய், நாலு பேர் முறைத்ததில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். ஒரு சாவு வீடு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

கமலா தன் வாசலில் நின்றிருந்தாள். “வாக்கா. பின்ரூம்ல பேசு” என்றாள்.

கார்குழலி படியருகே நின்றுவிட்டாள். பிணம் வீட்டில் கிடக்கும்போது அந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாது.

“தீட்டு கமலா.”

“எனக்குத் தெரியாத தீட்டா? உள்ள வா.”

பின்னறையில் ஒரு கட்டிலும் கண்ணாடி பதித்த பீரோவும் இருந்தன. கார்குழலி முதலில் பூவை எடுத்தாள். மற்றவர்கள் கூடி நின்று எடுக்க வேண்டியதை தன் கையாலேயே கொண்டை ஊசிகளைக் கழற்றி எடுத்தாள். வளையல்களைச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாக உருவினாள். கமலா ஈரத் துண்டு கொண்டுவந்து நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள். கண்ணாடி ஓரத்தில் எப்போதோ ஒட்டி வைத்திருந்த சின்ன ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து வைத்துவிட்டாள். எடுத்ததையெல்லாம் கட்டிலில் ஒரு தலையணைக்கு அடியில் மறைத்தார்கள்.

கேட்டால் சொல்ல வேண்டியதைக் கார்குழலி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அப்பா டியூட்டிக்குப் போயிருக்காரு. ஆள் வரலன்னு கூப்ட்டாங்க. போன வீட்லயே வச்சிட்டுப் போய்ட்டாரு.

போன் அடித்தது. எடுக்கும்போது விரல் வழுக்கியது.

“அம்மா.”

ஒட்ட வெட்டிய தலையும் வெயிலில் கறுத்த முகமுமாக மகள் திரையில் வந்தாள். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தமும் எங்கோ விசில் சத்தமும் கேட்டன. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கார்குழலிக்கு மூச்சு வந்தது.

“சாப்டியா நிலா?”

“சாப்ட்டேன். இன்னைக்கு கோழி. ஆமா, கமலாக்கா வீட்லயா இருக்க?”

“நம்ம வீட்ல சுண்ணாம்பு அடிக்கிறாங்க. நெடி தாங்கல, அதான் இங்க வந்தேன்.”

“ஞாயித்துக்கெழமையா? தெருவுல ஒரு சத்தமும் இல்லியே.”

“எல்லாரும் தூங்குறாங்க.”

கவிநிலா சிரிக்கப் போனாள். பிறகு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவள் கண் தாயின் கண்ணைப் பார்க்கவில்லை. கன்னத்தைப் பார்த்தது. கழுத்துக்கு இறங்கியது. போனைப் பிடித்திருந்த கை மணிக்கட்டில் நின்றது. திரை மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் கார்குழலி அப்போதுதான் தன்னைக் கவனித்தாள். துடைத்துத் துடைத்தும் முகம் மஞ்சளாக இருந்தது. கன்னத்தில் தடிப்புகள் கிளம்பியிருந்தன. வளையல் உருவிய இடம் கன்றிச் சிவந்திருந்தது.

கையைக் கீழே இறக்கினாள். தாமதமாகத்தான் இறக்கினாள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் தள்ளிப்போனது. கவிநிலா எழுந்து எங்கோ நடந்துபோய் ஒரு சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அம்மா.”

“சொல்லும்மா.”

மகளின் வாய் திறந்தது. கார்குழலி பொய்யை நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கயிறு இல்லாம குதிக்கணும்மா” என்றாள் கவிநிலா.

கடற்படைக்குப் போகிறேன் என்று இவள் சொன்ன வருஷம், அரியாங்குப்பத்தில் தெரிந்தவர் கொல்லைக் கிணற்றில்தான் மதிவாணன் நீச்சல் பழக்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. நீலக் கயிற்றின் ஒரு நுனியை மகள் இடுப்பிலும் மறுநுனியைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு படியில் நின்று, “காலை அடி, காலை அடி” என்று கத்துவார். அவ முழுகினா நீங்களும் சேந்துதான் போவீங்க என்று கார்குழலி திட்டுவாள். “சேந்தே போறோம், உனக்கு என்னா?” என்று சிரிப்பார்.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள் கார்குழலி.

“இருக்கு.”

“வேணாம்னா எறங்கிடு கண்ணு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“இல்லம்மா. குதிச்சிடறேன்.” சுவரிலிருந்து விலகி நிமிர்ந்து நின்றாள். “நீ இப்ப எதுவும் சொல்லாத. நாளைக்குக் குதிச்சிட்டு மேல வந்து, சார்கிட்ட கேட்டு போன் வாங்கிப் பேசறேன். அப்ப கேக்கறேன்.”

“என்னா கேப்ப?”

“அப்ப கேக்கறேன்.”

திரை ஆடியது. கூரையும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

“மூஞ்சிய நல்லா கழுவும்மா. உனக்கு மஞ்ச ஒத்துக்காது.”

போன் நின்றுவிட்டது. அப்பா எங்கே என்று அவள் கேட்கவே இல்லை.

கமலா கதவருகே நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கார்குழலி எழுந்து, வெறும் தலையும் வெறும் கையுமாகத் தெருவுக்கு வந்தாள். இரண்டு பக்கமும் ஜனம் அசையாமல் நின்றது. அமிர்தவல்லி பந்தலிலிருந்து வேகமாக வந்தாள். பூ இல்லாத தலையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“பேசினாளா?”

“பேசினா.”

“தம்பியக் கேட்டாளா?”

“இல்ல அண்ணி. நாளைக்குக் கேக்கறாளாம்.”

அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்தாள். நாளைக் காலைவரை பயம் விடப்போவதில்லை என்று கார்குழலிக்குத் தெரிந்தது.

கன்னியப்பன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். “அடிக்கலாமாம்மா?”

“அடிங்கண்ணே. இனிமே கேட்டாலும் பரவால்ல.”

மேளம் எழுந்தது. கார்குழலி வாசல் குழாயடியில் குனிந்து உட்கார்ந்து முகம் கழுவினாள். அமிர்தவல்லி உள்ளே போய்ச் சோப்பு எடுத்து வந்து கொடுத்துவிட்டு, துண்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஒரு தடவை தேய்த்துக் கழுவினாள். மறுபடி தேய்த்தாள். தண்ணீர் இன்னும் மஞ்சளாகவே ஓடியது.