சக்கரத்துக்கு வைத்த கல்

1

இக்கதை எனக்குச் சொந்தமன்று. அரவேணுத் தேநீர்க் கடையில் ஜீப் ஓட்டுநர் டக்ளஸ் சொன்னது. எழுத உட்கார்ந்ததில் மூன்று தொடக்கங்கள் வீணாயின. அவற்றுள் ஒன்று:

பனி போர்த்திய நீலமலையின் மடியில்...

[சீ! இப்படித் தொடங்கிய மாணவர் கட்டுரைகளை முப்பத்தாறு ஆண்டுகள் சிவப்பு மையால் அடித்தவன் நான்.]

2

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டக்ளஸும் மனைவி கெஸியாவும் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே, அரவேணுவுக்கு அப்பாலுள்ள பழங்கோட்டையின் இடிபாட்டைக் காணப் போனார்கள். மதில் இடுப்பளவே மிஞ்சியிருந்தது. அதன்மேல் எவனோ தன் காதலைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தான். (எழுதியவன் கையை... வேண்டாம், கதைக்குத் திரும்புவோம்.)

மேட்டில் வண்டியை நிறுத்தினால் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது மலை ஓட்டுநரின் கைப்பழக்கம். நல்ல கல்லாக வாய்த்தால் கிளம்பும்போது டிக்கியில் போட்டுக்கொள்வதும் அப்படியே. மதிலோரம் கிடந்த ஒரு கல்லை டக்ளஸ் அப்படித்தான் வைத்தான். அப்படித்தான் எடுத்தும் வந்தான். அரவேணுவில் தேநீருக்கு நிறுத்தி அதை வெளியே எடுத்தபோது கெஸியா பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல குங்குமம் இருக்குதுங்க!"

டக்ளஸ் கல்லைத் திருப்பிப் பார்த்தான். "நம்ம சாமி இல்லையே புள்ள."

"அவங்களுக்குச் சாமிதானுங்களே? நம்ம சிலுவைய எவனாச்சும் டயருக்கு வெச்சா சும்மா இருப்பீங்களா?"

3

[இங்கே அவனைச் சந்தேகித்தேன். பார்த்தவர் எவருமில்லை, கல்லைத் தேயிலைக்குள் வீசியிருக்கலாமே? அப்படியொரு முடிவும் எழுதினேன். எனக்கே வெட்கமாயிற்று, கிழித்தேன்.]

டக்ளஸ் வண்டியைக் கோட்டைக்கே திருப்பினான். வேறு கல்லைத் தொட இம்முறை பயம். அந்த ஜீப்பில் கைப்பிரேக்கோ பெயரளவில்தான். கெஸியாவைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, கல்லைக் கைக்குழந்தைபோல் ஏந்தி நடந்தான். மதிலுக்குள் இருந்த சிறு சந்நிதியைப் பக்கத்து ஊர் மருதாம்பாள் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்புப் பண்ணிட்டனுங்க. உங்க சாமிய..."

அவள் கல்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"இதுங்களா? சாமி உள்ளார பத்திரமா இருக்குதுங்க தம்பி. இது போன வாரம் உங்களாட்டம் ஒரு டிரைவர் நடுரோட்டுல போட்டுட்டுப் போனது. ஓரமா உருட்டி வெச்சேன்."

"அப்ப குங்குமம்?"

"வெரல்ல ஒட்டுனத அதுல தொடச்சேனுங்க."

அப்போதுதான் மூச்சு விட்டதாக டக்ளஸ் சொன்னான். நம்புகிறேன், சொல்லும்போதே அவன் தோள்கள் இறங்கின.

4

முடிவு? கல்லை மதிலோரமே வைத்தான் என்றும் எழுதிப் பார்த்தேன். மீண்டும் டிக்கியில் போட்டான் என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன. டக்ளஸைக் கேட்டால் சிரிக்கிறான். ஆகவே, ஒரு பிற்பகல் முழுதும் கடவுளாக இருந்த அந்தக் கல்லை அவன் கையிலேயே விட்டுவிடுகிறேன். எங்கே வைப்பது என்பதை வாசகராகிய நீங்கள் முடிவுசெய்யுங்கள். சற்று விரைந்து, ஏனெனில் மேட்டிலிருந்து குரல் கேட்கிறது:

"ஏனுங்க, வர்றீங்களா இல்லையா? காலு மரத்துப்போச்சுங்க!"