ஏழாவது கேள்வி

கிழக்கு வெளுப்பதற்குள் நான்கு லாரிகளைக் கழுவியாக வேண்டும். முந்தின நாள் மாடுகள் நின்ற தளத்தில் சாணமும் மூத்திரமும் மிதிபட்டு இறுகி, விரல் கனத்துக்கு அடையாய்ப் படிந்திருக்கும். அதை மண்வெட்டியால் சுரண்டித் தள்ளி, தண்ணீர் பீய்ச்சி அலசி, மாட்டுக்குக் கால் வழுக்காமலிருக்க மரத்தூள் தூவ வேண்டும். மாடு ஏற்றி அனுப்பும் அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக அவள் செய்கிற வேலை இதுதான். அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. மீசை நரைத்த டிரைவருக்குக்கூட அக்காதான்.

மூன்றாவது லாரிக்கு வந்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. பின்கதவுக்கு உள்ளே, இடது பக்கத்துப் பலகை. பதினாறு நாளைக்கு முன்பு மாடுகள் நெருக்கி, அவள் தம்பி அங்கேதான் நசுங்கிச் செத்தான். அந்த ரத்தத்தையும் அவள்தான் கழுவினாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

தம்பி மாடு ஏற்றுகிறவன். கம்பு எடுக்கமாட்டான். மாட்டின் கழுத்தைத் தடவி, பக்கத்திலேயே நடந்து, பேசிக்கொண்டே சாய்வுப் பலகை வழியே லாரியில் ஏற்றிவிடுவான். "மாட்டுக்கிட்ட பேசுற பேச்சுல பாதியை எங்கிட்ட பேசினா என்னவாம்" என்று அவன் பெண்டாட்டி சடைத்துக்கொள்வாள்.

கால்நடைகளை வதைக்காமல் ஏற்றி இறக்கப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கியவர்கள்தான் இனி இந்த வேலையைச் செய்யலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பு சட்டம் வந்தது. இரண்டு நாள் பயிற்சி, அதன் பிறகு தேர்வு. கம்பெனியில் பயிற்சி என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதலாளி ஆளுக்கொரு கேள்வித்தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

"நல்லா வாசிக்கத் தெரிஞ்சவ நீதானே. எல்லாருக்கும் பதிலைச் சொல்லிடு. அரை மணி நேரத்துல முடியணும்" என்றார் அவளிடம்.

அவள் வாசித்தாள், அவர்கள் குறி போட்டார்கள். ஏழாவது கேள்வி, மாட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஆள் நிற்கலாமா என்பது.

"கூடாதுன்னு போடுடா" என்றாள் தம்பியிடம்.

"அப்ப கதவை யாருக்கா மூடுறது? மாடே மூடிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் குறி போட்டான். அந்தச் சிரிப்புதான் இப்போது அவளைத் தூங்க விடுவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் தம்பி பெண்டாட்டி அடுப்படியில் உட்கார்ந்தபடி கேட்டாள்: "அண்ணி, அங்க நிக்கக் கூடாதுன்னு அவருக்கு நெசமாவே சொல்லிக் கொடுத்தாங்களா?" அவள் பாத்திரம் விளக்கினாள். விளக்கிய பாத்திரத்தையே திரும்பத் திரும்ப விளக்கினாள்.

வெயில் ஏறியதும் முதலாளி எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். தம்பியின் துணிமணியை வாங்கிப்போக வந்திருந்த அவன் பெண்டாட்டியும் வாசலில் நின்றாள்.

"மத்தியானம் விசாரணைக்கு அதிகாரி வர்றாரு. இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

அவள் தாளை எடுத்து உரக்க வாசித்தாள். "முறையான பயிற்சி பெற்றிருந்தும், தன் சொந்த அஜாக்கிரதையால்..." அதோடு தாளை மேஜைமேல் வைத்தாள்.

"செத்தவனுக்கு இதனால இனிமே என்ன ஆகப்போகுது? கம்பெனி ஓடினாதான் உங்க வீட்டுல உலை கொதிக்கும்."

"அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கீங்களே ஐயா."

முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து தம்பியின் கேள்வித்தாளை எடுத்துப் போட்டார். "ஏழாவதைப் பாரு. நிக்கக் கூடாதுன்னு அவனே குறி போட்டிருக்கான். தெரிஞ்சேதான் நின்னான்."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுக் கேட்ட கேள்வி அந்த முகத்தில் அப்படியே இருந்தது.

"அவனா யோசிச்சுப் போட்ட பதில் இல்ல அது. அவன் அந்தத் தாளை வாசிக்கவே இல்ல. பதிலைச் சொன்னது நான்" என்றாள். "எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். பயிற்சின்னு ஒருத்தரும் இங்க வந்து எதுவும் சொல்லித் தரல."

"அதிகாரிகிட்ட இதைச் சொன்னா உன் சான்றிதழும் பொய்யின்னு ஆயிடும். முதல்ல போறது உன் வேலைதான். யோசிச்சுப் பேசு."

"பதினாறு நாளா அதைத்தான் யோசிச்சேன். பன்னெண்டு மாடு நிக்கிற வண்டியில பதினெட்டு ஏத்தச் சொல்றீங்க. உள்ள ஒரு ஆள் நின்னு முட்டுக் கொடுக்காம அந்தக் கதவு மூடுமா? நீங்க வந்து ஒரு தடவை மூடிக் காட்டுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

முதலாளி பேனாவை மீசைக்கார டிரைவரிடம் நீட்டினார். "நீ போடு. மூணு பொம்பளைப் பிள்ளைங்க இருக்குன்னு நினைச்சுப் போடு."

டிரைவர் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

"என் தாளுக்கும் அக்காதான் பதில் சொல்லுச்சு. அன்னைக்குக் கதவை வெளியிலேர்ந்து தள்ளினது நான். அதைத்தான் அதிகாரிகிட்ட சொல்லப் போறேன்."

அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக மேஜையைவிட்டு விலகினார்கள்.

"வேற ஆளே கிடைக்காதுன்னு நினைப்பா?" முதலாளியின் குரல் உயர்ந்தது.

"கிடைப்பாங்க. அவங்ககிட்டயும் போய்ச் சொல்லுவோம்" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் தம்பி பெண்டாட்டி அவள் கையைப் பிடித்தாள். "நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"பயமா இருந்துச்சும்மா."

இருவரும் அங்கேயே நின்று அழுதார்கள். யாரும் தேற்ற வரவில்லை; அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

முற்றத்தில் ஒரு லாரி பதினெட்டு மாடுகளோடு புறப்படத் தயாராக நின்றது. நெருக்கத்தில் கொம்போடு கொம்பு உரசியது. டிரைவர் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஆறை இறக்கிடலாம்" என்றார்.

சாய்வுப் பலகையை நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். தம்பி பெண்டாட்டி துணிப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தாள். ஒவ்வொரு மாடாக அவசரமில்லாமல் இறக்கினார்கள். ஒன்றுக்கு முழங்கால் தேய்ந்து சதை தெரிந்தது. அதை நிழலில் கட்டி, அவள் தண்ணீர் வைத்தாள்.

ஆபீஸ் ஜன்னல் வழியே முதலாளி யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அதிகாரி வர இன்னும் நேரமிருந்தது. வருகிறவர் யார் பக்கம் பேசுவார் என்று ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது. அவர்கள் பலகையின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவளுக்காக நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் போய் உட்கார்ந்தபோது, லாரிக்குள் ஒரு மாடு முன்கால்களை மடித்து, மெல்லப் படுத்து, பெருமூச்சு விட்டது.