சர்க்கரையில் முக்கின கழுத்துப்பட்டி

1

இந்தக் கதையை எழுத நான் உட்கார்ந்ததற்குக் காரணம், சொல்லாமல் விட்டுப்போன ஒரு நன்றி. வேறு ஒன்றுமில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கதை எழுதுகிறவர்களை நம்பாதவன். ஏழை ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கடைசிப் பக்கத்தில் அவனைச் சாகடித்துவிட்டு நம்மை அழச் சொல்வார்கள். இதில் யாரும் சாகமாட்டார்கள். சாவு வேண்டுமென்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "1959ஆம் வருஷம் தை மாதம், திண்டிவனத்தில் பனி வெண்பட்டுப் போலப் படர்ந்து—"

நிறுத்திவிட்டேன். நான் கண்ட பனியில் பட்டெல்லாம் இல்லை. இருமல்தான் வந்தது.

அடுத்தது: "பொன்னி பேரழகி—"

அதையும் அடித்தேன். பேரழகி என்று எழுதிவிட்டால் அவள் கழுத்தைப் பற்றி எப்போது சொல்வது?

2

பொன்னிக்குச் சின்ன வயதில் கண்டமாலைக் கட்டி வந்து, கீறி, ஆறி, கழுத்தின் இடப்பக்கம் கயிறு முறுக்கினதுபோல் தழும்பு நின்றுவிட்டது. மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் கழுத்தைப் பார்த்தார்கள், ரயிலைப் பிடித்தார்கள். நாலாவதாக விழுப்புரத்திலிருந்து சவுரிராயன் வருகிறான் என்றதும் அவள் கொக்கி ஊசியை எடுத்தாள். குடைக்கம்பியை ராவி, நுனியை வளைத்து, அவளே செய்துகொண்ட ஊசி.

லேஸ் பின்னக் கற்றது கன்னியர் மடத்தில். ஆனால் மடத்து மாதிரிகளை அவள் தொடவில்லை. ஒரு மல்லாட்டையை, உரிக்காத வேர்க்கடலைக் காயை, கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். நடுவில் இடுங்கி, இரண்டு பக்கமும் உப்பின வளையமாக நூலில் அதைக் கொண்டுவந்தாள். அப்படி இருபத்து நாலு காய் கோத்தாற்போல், கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் பட்டி. அதே நூலை மஞ்சளில் தோய்த்து இரண்டு கம்மல். தங்கம் இல்லாத வீட்டில் அதுதான் நகை.

[லேஸ் என்பதே ஓட்டைகள்தான். ஓட்டையை வைத்து எதை மறைப்பது? காயைப் பெரிதாக்கினால் தழும்பு எட்டிப் பார்த்தது. நெருக்கிப் பின்னினால் மூச்சு முட்டியது. நாலு முறை பிரித்தாள். இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் பிரித்தால் நூல் முழுசாகத் திரும்பி வருகிறது. நான் அடித்தால் காகிதம் கிழிகிறது.]

பட்டி விறைப்பாக நிற்க அவள் கஞ்சி போடுவதுதான் வழக்கம். அம்மா ஜெயத்துக்குக் கஞ்சிமேல் நம்பிக்கை இல்லை. மடத்தில் பின்னல் பூக்கூடைகளைச் சர்க்கரைப் பாகில் முக்கி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறாள். மகளுக்குத் தெரியாமல், வீட்டிலிருந்த சர்க்கரை முழுவதையும் பாகு காய்ச்சி, பட்டியை முக்கிக் காயவைத்துவிட்டாள்.

3

சவுரிராயன். இவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைக் கோக்கிற வேலை. கடைக்காரனின் தராசுத் தட்டை அடியில் தடவிப் பார்க்கிற புத்தி. அப்படிப்பட்டவன் அன்றைக்கு இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு விரலைப் பறிகொடுத்திருந்தான். கல்யாணம் ஆகிறவரை வெளியே எடுக்காதே என்பது தாய்மாமன் மாசிலாமணியின் உத்தரவு.

* சவுரிராயன் யார் என்று கேட்பவர்களுக்கு: தெரிந்த ஆள். அவ்வளவுதான்.

பொன்னி காப்பி கொடுத்துவிட்டுக் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். மாசிலாமணி ஒரு வாய் குடித்தார்.

"இன்னாம்மா, சக்கரையே காணோம்? திண்டிவனத்துல சக்கர விக்கறதில்லியா?"

"இருந்துச்சிங்கண்ணா..." ஜெயம் இழுத்தாள்.

"இருந்ததுன்னா எங்க போச்சி?"

எங்கே போனது என்று எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது. கதவுச் சட்டத்திலிருந்து பொன்னியின் தோளுக்கு இறங்கி, கழுத்துக்கு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சவுரிராயன் பார்த்தான். அவள் கண்ணில் நீர் முட்டியது, அசையவில்லை. இன்னொரு கடி. "யம்மா!" என்று பட்டியைப் பிய்த்து எறிந்தாள்.

தழும்பு வெளிச்சத்துக்கு வந்தது.

"பாத்தியாடா? மூடி வச்சி நம்ம தலையில கட்டப் பாத்துக்கினு இருந்தாங்க. எழுந்திரு, ஜல்தி போனா நாலு மணி வண்டி கெடைக்கும்" என்றார் மாசிலாமணி.

4

முதல் பிரதியில், இந்த இடத்தில் சவுரிராயன் தானாகவே துண்டை விலக்கி, "மாமா, என் கை மட்டும் என்ன" என்று வீரமாகப் பேசினான். படிக்க நன்றாக இருந்தது. பொய். நடந்தது இதுதான்: அவன் எழுந்தான். செருப்பைத் தேடினான்.

பேசியது பொன்னி.

"போறதுன்னா போங்க. அந்தக் கைய காட்டிட்டுப் போங்க."

"எந்தக் கை?" என்றான் சவுரிராயன்.

"துண்டுக்குள்ள தூங்குதே, அது. கொதிக்கிற டம்ளர ஒத்தக் கையால வாங்கினீங்களே, அப்பவே பாத்துட்டேன். நான் கையால பொழைக்கறவ. எனக்குத் தெரியாதா?"

"பொண்ணு வாயப் பாரேன்!" என்றார் மாசிலாமணி.

"காப்பியிலயே இல்ல. என் வாயில எதுக்குங்க சக்கரய தேடறீங்க?"

சவுரிராயன் கையை எடுத்தான். அதுவரை அந்தக் கையைப் பார்த்தவர்கள் 'ஐயோ' என்றார்கள், இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொன்னி அளவெடுப்பவள்போல நிதானமாகப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"பனிக்காலத்துல."

"எனக்கும்தான்."

அவன் மறுபடி உட்கார்ந்தான். மாமனைப் பார்க்காமல், "எனக்குச் சம்மதம்" என்றான்.

"உங்களுக்குச் சம்மதம். நான் யோசிக்கணுங்க. போயிட்டு வாங்க."

5

அவள் பதினோரு நாள் யோசித்தாள்.

இங்கே இரண்டு முடிவு எழுதிவைத்தேன். ஒன்றில் மாதா கோயில் மணி அடிக்கிறது. இன்னொன்றில், வேண்டாம் என்று ஒரு கார்டு வருகிறது. இரண்டையும் எடுத்துவிட்டேன். அந்தப் பதினோரு நாளும் அவளுடையவை. பார்க்க வந்தவனின் சம்மதம் போதும் என்றிருந்த காலத்தில் அவள் கேட்டு வாங்கிய நாட்கள் அவை. நான் உள்ளே நுழைந்தால் அது திருட்டு. முடிவு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நன்றி எதற்கென்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் ஆம் என்றதற்கோ இல்லை என்றதற்கோ அல்ல. அன்றைக்குத் திரும்பிய வண்டி மயிலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மாமா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். துண்டு தோளில் சும்மா கிடந்தது. என் இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது, எதிரே உட்கார்ந்த எல்லாரும் பார்க்கும்படி.