தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது

இந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள்: என் மகன், அவன் மனைவி, ஊரில் பேர்போன ஓர் ஆலோசகர். சேரப்போகிறவள் என் பேத்தி சுண்டு. அவளைக் கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. இரண்டு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், மேலே சுவரில் நான்கு நிறத்தில் அட்டவணை. மகன் இரண்டு வாரம் விடுப்புப் போட்டிருந்தான். தன் பரீட்சைக்கு இதில் பாதி உட்கார்ந்திருந்தால், நான் அவன் பள்ளிக்கூடப் படி ஏறும் வேலை மிச்சமாகியிருக்கும்.

அகராதி அச்சிடும் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகை முதல் விடுப்புக் கடிதம் வரை, என் சிவப்புப் பேனா படாமல் எங்கள் வீட்டுத் தாள் எதுவும் வெளியே போகாது. அந்தப் பழக்கதோஷத்தில்தான், கடைசி நாள் மத்தியானம், மருமகள் விண்ணப்பத்தோடு போகும் சுண்டுவின் கட்டுரையையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

மூன்றாவது பத்தியில் நான் வந்தேன். 'என் தாத்தா கூலி வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தினமும் மாலையில் அவர் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய அன்று அவர் அழுதார்.'

தாளோடு மேசைக்குப் போனேன்.

"கமா மட்டும் பாருங்கன்னுதானே மாமா குடுத்தேன்?" மருமகளின் முகம் வெளுத்தது.

"கமா எல்லாம் அதனதன் இடத்துலதாம்மா இருக்கு. நான்தான் இடம் மாறிட்டேன்."

"அப்பா, கஷ்டப்பட்ட குடும்பம்னாதான் திரும்பிப் பார்ப்பாங்க," என்றான் மகன். "நம்ம வீட்டுல கஷ்டம்னு சொல்ல என்ன இருக்கு?"

"ஏன், நீ இருக்கியே."

"விளையாடாதீங்கப்பா. காலேஜ்லேருந்து யாராவது போன் பண்ணிக் கேட்டா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சொல்றேன். உனக்குப் பொய் கத்துக்குடுத்தது நான் இல்லைன்னும் சேர்த்துச் சொல்றேன்."

கூலி வேலை கேவலமில்லை. என் அப்பா மூட்டை தூக்கியவர். அதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. அவர் முதுகு வளைந்து என்னைப் படிக்க வைத்ததை, இவன் முதுகு வலிக்காமல் ஒரே வரியில் அழித்துவிட்டான்.

சத்தம் கேட்டுச் சுண்டு வந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். தன் பெயரில் போகவிருந்த கட்டுரையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தாத்தா எப்ப அழுதாரு?"

அப்பாக்காரன் பிரிண்டரைப் பார்த்தான்.

"நானே எழுதிக்கறேன். பஸ்ஸைப் பத்தி."

"ஐயோ, அந்த நோட்டா!" மருமகள் தலையில் கைவைத்தாள். "பஸ் ஸ்டாப்புல நின்னதுக்கெல்லாமா சீட்டு குடுப்பாங்க?"

வெகுநேரம் ஒரு பஸ்ஸும் வராமல், பிறகு மூன்று சேர்ந்தாற்போல் ஏன் வருகின்றன என்று, இரண்டு வருடமாக ஒரு நோட்டில் நேரம் குறித்துக் கணக்குப் போடுகிறவள் அவள். சேரக் கேட்பதும் கணிதப் படிப்புதான். அது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகள் இரண்டு தடவை தட்டில் ஏதோ கொண்டுபோய், அப்படியே திரும்பினாள். நாலரைக்குக் கதவு திறந்தது.

"பாஸ்வேர்டு என்னப்பா?"

அதுவும் அவளுக்குத் தெரியாது. மகன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முனகலாகச் சொன்னான். அது அவனுடைய பிறந்த தேதி.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். இரண்டு பிழை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அவள் திரும்பவில்லை, கேட்கவுமில்லை. பேனாவை உள்ளேயே விட்டேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டாள்.

"மாமா, நீங்களாவது ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

"அவ என்கிட்ட குடுக்கலையே."

"இதுக்கு இடம் கிடைக்குமாப்பா?" மகன் குரல் உள்ளே போயிருந்தது.

"கிடைச்சா அவ போவா. உங்க தாளுக்குக் கிடைச்சிருந்தா, நீங்க மூணு பேரும்தான் பையை மாட்டிக்கிட்டுப் போயிருக்கணும். மொதல்ல இந்த மேசையைக் காலி பண்ணு. மத்தியானத்துலேருந்து இந்த வீட்டுல யாரும் சாப்பிடல."