றெக்ஸின் முழங்கையும் நான் வாசிக்காத இரண்டு வாக்கியங்களும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுச் சமையலறை மேசையில். மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம். எனக்குப் பழக்கமான அருமைராசா வெளிப்படிக்கட்டின் பனிக்கட்டியைச் சப்பாத்தால் தட்டித் தட்டி ஏறி வந்து, பிரெஞ்சில் இருந்த ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். மகன் றெக்ஸின் விளையாட்டுப் பையைத் தோய்க்க உதறியபோது விழுந்ததாம்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

நான் பதினெட்டு வருடம் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். டாக்டர் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. புற்றுநோய் என்றால் புற்றுநோய். அந்தப் பதினெட்டு வருடத்தில் நான் ஒரு சொல்லையும் விழுங்கியதில்லை. அன்று இரண்டு வாக்கியங்களை விழுங்கினேன்.

[இதோடு கதையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.]

2

முதல் வாக்கியத்துக்கான முயற்சிகள்:

"றெக்ஸ் எறிந்த பந்தை அந்த ஊரில் எவராலும் –" வேண்டாம். வீரகதை ஆகிவிடும்.

"பேஸ்போல் என்னும் விளையாட்டு –" இதுவும் வேண்டாம். ஆனாலும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நம்மவர்களுக்குக் கிரிக்கெட் தெரியும். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் கையை நேராக வைத்துச் சுழற்ற வேண்டும், மடக்கி எறிந்தால் பிழை. பேஸ்போலில் பந்தெறிகிற பிட்சருக்கு மடக்கி எறிவதுதான் தொழிலே. ஒவ்வொரு எறியும் முழங்கையின் உட்புறத்து நாரை இழுக்கிறது. சிலருக்கு அது ஒருநாள் அறுந்துவிடும்.

"றெக்ஸுக்கு இருபது வயதில் அறுந்தது." இந்த வாக்கியம் இருக்கட்டும்.

3

இனிக் கொஞ்சத் தூரம் அருமைராசாவின் பக்கம் நின்று சொல்கிறேன். எனக்கு விளங்குகிறவர் அவர்தான்.

லாசாலில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை. மன்னாரில் இளவயதில் தேவாலயப் பங்கு அணிக்கு வேகப்பந்து போட்டவர். ஒரு ஆட்டத்தில் கை மடங்குகிறது என்று நடுவர் நோ-போல் கொடுத்ததை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. மகன் முதன்முதலாகப் பிட்சராக நின்ற நாளில் மனைவி அக்னெஸிடம், "மடக்கி மடக்கி எறியிறான், ஆரும் பிழை எண்டு சொல்லுறாங்களில்லை" என்று வாய் பிளந்தார். பிறகு பழகிவிட்டது. பதினெட்டு வயதில் மணிக்கு எண்பத்தெட்டு மைல். பத்தொன்பதில் தொண்ணூற்றிரண்டு. அமெரிக்கக் கல்லூரி ஒன்று அழைத்தது. நார் அறுந்த செய்தி போனதும் அந்த அழைப்பு மெல்ல அடங்கிப்போனது.

மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில் கோத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும் என்றார்கள். கீல் வைத்த சட்டத்துக்குள் கை மடங்கியபடி இருந்தது. மூன்றாம் கிழமை, இருபது நாளுக்குள்ளேயே, அருமைராசாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கை அப்படியே இறுகிப்போய்விடும் என்று பயந்தார். கிரிக்கெட் ஆடிய மனிதனுக்கு, நேராகாத கை பழுதான கை. சட்டத்தைக் கழற்றினார். நோவெண்ணெயை* இளஞ்சூடாகப் பூசி, மேலிருந்து கீழாக உருவினார்.

"பல்லைக் கொஞ்சம் கடி."

"பப்பா, நீட்ட வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

"டொக்டர் கிரிக்கெட் விளையாடினவரே?"

நீட்டினார். கை நேராகியது. றெக்ஸ் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "ஓகே பப்பா, இப்ப சுகமாக்கிடக்கு" என்றான்.

அருமைராசா கைகளைத் துடைத்தபோது சந்தோசமாக இருந்தார். மகனுக்காகத் தன் கையால் ஏதோ ஒன்றைச் செய்து முடித்த சந்தோசம்.

* நம் கடைகளில் கிடைக்கும் எண்ணெய்தான். என்னிடமும் ஒரு போத்தல் இருக்கிறது. எண்ணெயில் ஒரு குற்றமும் இல்லை.

4

கடிதத்துக்கு வருகிறேன். சத்திரசிகிச்சை முடிந்து பதினான்கு மாதம். புதிதாக எடுத்த படத்தைப் பார்த்து டாக்டர் எழுதியது. கோத்த நார் பாதி கிழிந்திருக்கிறது என்றது அது. அதை நான் "இன்னும் முழுசாப் பொருந்தயில்லை" என்று சொன்னேன். இது ஒரு பாவம். அடுத்த இரண்டு வாக்கியங்களை வாசிக்கவே இல்லை:

"மூன்றாம் கிழமை வீட்டில் தன் கை வலிந்து நீட்டப்பட்டதாகவும், உள்ளே ஏதோ கிழிந்ததை அப்போதே உணர்ந்ததாகவும் நோயாளி கூறுகிறார். இவர் இனி வேகமாகப் பந்தெறிவது கூடாது; நார் முழுதாக அறுந்தால் விரல்களின் உணர்வும் பாதிக்கப்படலாம்."

இரண்டாவதை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் "ஏன்?" என்பார். ஏன் என்பதற்கு முதலாவது வாக்கியம் வேண்டும். கடிதத்துக்கு இரண்டு பக்கமும் அவருடைய கைகள் மேசைமேல் விரிந்திருந்தன. தடித்த விரல்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் அதை வாசிக்க முடியவில்லை.

"அப்ப எறியலாம்?"

"நேரம் எடுக்கும் எண்டு எழுதியிருக்கு."

"நேரம்தானே அண்ணை. நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்."

தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமையே மகனின் பெயரைத் தேர்வு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து ஒரு சிறிய தொழில்முறை அணியின் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். ஏப்ரல் மாதம், ஞாயிறு, காலை பதினொரு மணி. இதெல்லாம் நான் சொன்ன "நேரம் எடுக்கும்" என்பதிலிருந்து முளைத்தது.

5

றெக்ஸை எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவனைப் பற்றி எழுதுவது கூடாது என்று நினைத்து, அருமைராசா பயிற்சி பார்க்கக் கூப்பிட்டபோது போனேன். லாசாலில் கூரை போட்ட ஒரு மைதானம். அருமைராசா கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் குந்தி, பெரிய கையுறையால் மகனின் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேகம் காட்டும் கருவி பக்கத்தில் நின்றது.

"எண்பத்தொண்டு. போன கிழமை எழுபத்தெட்டு. பாருங்கோ அண்ணை, ஏறுது."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிடிச்சா எப்பிடிப் பப்பா தெரியும்?"

"உன்ரை பந்துக்குக் கண் என்னத்துக்கடா? அம்மாவும் பிடிப்பா."

றெக்ஸ் சிரித்தான். எறிந்து முடித்தபின் ஒவ்வொரு முறையும் சின்னவிரலையும் மோதிரவிரலையும் மடக்கி மடக்கிப் பார்த்தான். தண்ணீர் குடிக்க வந்தவன் என் அருகில் நின்று, முகத்தை மாற்றாமல் பிரெஞ்சில் பேசினான்.

"கடிதத்தை அவருக்கு வாசித்தது நீங்கள்தானே? பத்து நாளாகப் பாடிக்கொண்டு திரிகிறார்."

"எறிவதை நிறுத்து," என்றேன்.

"நிறுத்தினால் காரணம் கேட்பார்."

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போகிறாய்?"

"முழு வேகத்தில் எறிவேன். எல்லாருக்கும் முன்னால் அறுந்தால் அதைப் பந்து அறுத்ததாக இருக்கும். பிறகு அவர் யோசிக்க ஒன்றும் இருக்காது."

வாளியிலிருந்து அருமைராசா கத்தினார். "என்ன ரெண்டு பேரும் பிரெஞ்சிலை? என்னைப் பற்றித்தானே?"

"ஓம் பப்பா. வயசு போட்டுதாம், வேறை ஆளைப் பிடிக்கட்டாம்."

6

அவனை நான் சந்தேகித்தேன். எழுதுகிறவனுக்கு அது தேவை. இப்படி ஒரு பிள்ளை இருப்பானா? கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். [றெக்ஸ் கையுறையைச் சுவரில் ஓங்கி –] ஒட்டவில்லை. பிறகு வேறொன்று தோன்றியது. அறுவதை அப்பாவின் கண்முன்னால் நடத்தப்போகிறான். அது அவரைக் காப்பாற்றவா, அவரைப் பார்க்க வைக்கவா? இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கே அது தெரியாமலிருக்கலாம். எனக்கும் தெரியவில்லை. கோட்-டெ-நெய்ஜில் அவர்கள் வீடுவரை காரில் மூவரும் வந்தோம். வழி முழுக்க அருமைராசா மெல்லிய குரலில் பாடிக்கொண்டு வந்தார்.

7

முடிவுகள்.

முதலாவது: றெக்ஸ் எறிகிறான், நார் தாங்குகிறது, அணி எடுக்கிறது. ஒரு பக்கம் எழுதினேன். மருத்துவம் தெரிந்த ஒருவனுக்கு அது வெட்கக்கேடு. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: நான் அருமைராசாவிடம் போய் மிச்சத்தை வாசிக்கிறேன். இரண்டுமுறை வாசல்வரை போனேன். [அருமைராசா கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்று –] அதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்றாவது: நான் சும்மா இருக்கிறேன். ஞாயிறு வருகிறது. இதற்கு எழுதவே தேவையில்லை, தானாக நடக்கும்.

நான்காவது ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. றெக்ஸின் கை போக வேண்டும், அல்லது அந்த மனிதன் உண்மை தெரிந்து, தன் கைகளோடு மிச்ச வாழ்க்கையை வாழ வேண்டும். விளையாட்டு எப்போதோ முடிந்துவிட்டது. மகனுக்கு மட்டும் அது தெரியும்.

8

இந்தக் கதையைத் தமிழ்க் கடைகளில் இலவசமாக வைக்கும் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை வரும். "முடிவு எங்கை அண்ணை?" என்று ஆசிரியர் கேட்டார். இல்லை என்றேன். கடைசிப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு, போடுகிறேன் என்றார்.

வியாழனிலிருந்து ஞாயிறுக்கு மூன்று நாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் மொன்றியலில் பேஸ்போல் எறியும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? வாசிக்கும் உங்களில் சிலருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். சிலரிடம் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கும். என்னால் முடியாததைச் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. செய்யாதீர்கள் என்று சொல்லவும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். நீங்கள் அழைத்தால் எடுப்பவர் அருமைராசா அல்ல, அக்னெஸ். மூன்றாம் கிழமை அந்த அறையில், பிள்ளை அசையாமல் இருக்க அவன் தோளை அமத்திப் பிடித்திருந்தவள் அவள்.