மன்றத் தலைவரின் கடைசி ஊர்வலம்

உலகக் கால்பந்தின் இருதயம் பிரேசிலுக்கு அடுத்தபடியாகத் துடிப்பது பட்டினப்பாக்கத்தில்தான் என்று ஜெனிவால்டோ நற்பணி மன்றத் தலைவர் பவுல்சாமி மேடைதோறும் முழங்குவார். வியாழக்கிழமை காலை, சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய இருதயம் நின்றுவிட்டது.

ஜெனிவால்டோ ஆட்டத்தை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. பிரேசிலில் அவரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ தெரியாது. பட்டினப்பாக்கத்தில் அவர் பிறந்தநாளுக்கு வருடா வருடம் நோட்டுப் புத்தகமும் பிரியாணியும் உண்டு. வெள்ளிக்கிழமை அவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையைத் திறந்துவைத்துவிட்டு, இந்த வழியாகக் கடற்கரைக்குப் போவதாக இருந்தது. மன்றம் அடித்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அவர் எட்டடி உயரத்துக்குச் சிரித்தார். இறந்தவர் வலது மூலையில், ரேஷன் கார்டுப் படத்தில் இருந்தார்.

செயலாளர் சண்முகவேல், பவுல்சாமியின் மனைவி கிளாடிஸிடம் வந்து, வெள்ளிக்கிழமை நாலரை மணி அடக்கப் பூசையை ஆறரைக்குத் தள்ளிவைக்கச் சொன்னான். ஆறு மணிக்குக் கார் வரும், நிச்சயம் இறங்கி மாலை போடுவார், கடை மேனேஜரிடம் பேசியாயிற்று என்றான்.

“அந்தாளு இன்னா உன் தாய்மாமனா?” என்றாள் கிளாடிஸ்.

“அண்ணன் ஆசை அண்ணி அது.”

“பொண்ணு ஈவ்லின் பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வராம இந்த மனுசன் மேட்ச்சு பாத்துக்கினு இருந்தாரு. சாவையாச்சும் எங்களுக்கு வுடு. நாலு மணிக்குத் தூக்கணும். வழியில எவன் வந்தாலும் பெட்டி கீழ எறங்கக் கூடாது.”

தூக்கினார்கள். கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு அவள் பெட்டியை ஒட்டியே நடந்தாள்.

ஆறு மணிக்கு வரவேண்டியவர், கடையில் எதிர்பார்த்த கூட்டம் சேராததால் நாலேகாலுக்கே வந்துவிட்டார். சைரன் கேட்டது. முன்னால் தோள் கொடுத்திருந்த சண்முகவேல் மற்ற மூவரையும் பார்த்தான். பெட்டியை மீன்கடைப் பலகைமேல் இறக்கினார்கள், பதமாகத்தான் இறக்கினார்கள். பிறகு ஓடினார்கள். பின்னால் வந்த உறவுக்காரர்கள் ஓடினார்கள். பேண்டு வாசித்தவர்கள் வாத்தியங்களோடு ஓடினார்கள். பாதிரியார் கோயில் வாசலில் காத்திருந்ததால் அவருக்கு அந்தச் சோதனை வரவில்லை.

கார் நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடி இறங்கவும் இல்லை. எல்லாம் பத்துப் பன்னிரண்டு விநாடி. திரும்பி வந்தபோது பெட்டிமேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. பலகையிலிருந்த மீன்தண்ணீர், பெட்டியைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் பாதிக்கு ஏறியிருந்தது. அதைத் துடைக்க யாரிடமும் எதுவும் இல்லாததால் மன்றக் கொடியால் துடைத்தார்கள். பூசை ஐந்து மணிக்குத் தொடங்கியது.

மறுநாள் பேப்பரில் ரசிகர் வெள்ளம் என்று படம் வந்தது. முன்வரிசையில், ஜெபமாலை சுற்றிய கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பவர் கிளாடிஸ்.